மூன்றாவது துள்ளலில் முறிந்த முன்சக்கரம்: ஒரு தாயின் கேள்விக்கு விடை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய மகள், 19 வயது, விமானம் ஓட்டக் கற்றுவருகிறாள். தனியாகப் பறக்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆன நிலையில், டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்தில் ஒரு பிற்பகலில் அவள் இறக்கிய செஸ்னா 172 விமானம் ஓடுபாதையில் மூன்று முறை துள்ளி, முன்சக்கரத்தின் கால் முறிந்து, புரொப்பெல்லர் தரையில் உரசி நின்றது. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. "வானம் தெளிவாக இருந்தது, எஞ்சினில் பழுதில்லை, பிறகு எப்படி இது நடந்தது? காற்று சட்டென்று திரும்பிவிட்டது என்று அவள் சொல்கிறாள். வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிழை அவளுடையதுதானா? இனி அவள் பறக்கலாமா?" என்பது கேள்வி.

அம்மா, உங்கள் மகள் காற்றைப் பற்றிச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியவற்றுள் மிக முக்கியமான வரி அதுதான். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பல ஆண்டுகள் பறக்கக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில், அவள் சாக்குச் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வர்ஜீனியாவின் ஓடுபாதை கடற்கரையை ஒட்டி, கரை போகும் திசையிலேயே போடப்பட்டது. அதன் ஒரு முனைக்கு 05 என்றும் மறுமுனைக்கு 23 என்றும் எண். 05 முனையில் இறங்கும் விமானம் திசைகாட்டியில் ஏறத்தாழ 50 பாகை, அதாவது வடகிழக்கை நோக்கியபடி இறங்கும். 23 முனையில் இறங்குவது 230 பாகை, தென்மேற்கை நோக்கியபடி. நம் கரையில் வலுவாக வீசும் காற்றுகளும் இந்த இரண்டு திசைகளிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. விமானம் எப்போதும் காற்றை எதிர்கொண்டே இறங்க வேண்டும் என்பதால், வடகிழக்குக் காற்றில் 05, தென்மேற்குக் காற்றில் 23 என்று மாற்றிக்கொண்டால் போதும். வருடத்தின் பெரும்பாலான நாட்களுக்கு அது ஒத்துவரும்.

சிக்கல், ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்கும் நேரத்தில்தான். கரையோரமாகத் தெற்கிலிருந்து நகர்ந்து வரும் சிறு தாழ்வழுத்தம் நம்மைக் கடக்கும்போது, அதுவரை வீசிக்கொண்டிருந்த வடகிழக்குக் காற்று ஓய்ந்து, கொஞ்ச நேரம் அசைவே இல்லாமல் இருந்து, பிறகு தென்மேற்கிலிருந்து பலமாக அடிக்கத் தொடங்கும். டர்பன் துறைமுக உள்கடலில் வலை இழுத்த குடும்பம் எங்களுடையது. வடகிழக்கு திடீரென்று அடங்கினால் மீன் எவ்வளவு இருந்தாலும் வலையைச் சுருட்டு என்று என் தாத்தா சொல்வார். வானிலை அறிக்கை கையில் இருந்த பின்னும் அந்த ஒரு வாக்கியத்தை என் மாணவர்கள் அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறேன். வானம் தெளிவாக இருப்பதற்கும் காற்று ஒழுங்காக இருப்பதற்கும் இங்கே தொடர்பில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காற்று புரளும்.

இனி உங்கள் மகளின் இறக்கத்தைப் பார்ப்போம். நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை இந்தக் காற்றோடு சேர்த்துப் பார்த்தால், படிப்படியாக என்ன நடந்திருக்கும் என்பது ஓரளவு தெரிகிறது. செஸ்னா 172 இறங்க வரும்போது, ஃப்ளாப் எனப்படும் இறக்கையின் பின்புற மடிப்புகளை இறக்கிய நிலையில், 60 முதல் 70 நாட் வேகம் வைத்திருக்க வேண்டும். 65 என்று எடுத்துக்கொள்வோம், அது மணிக்கு 120 கிலோமீட்டர். இந்த வேகம் விமானத்தைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம், தரையோடு ஒப்பிட்டது அல்ல. எதிரே 10 நாட் காற்று வீசினால் தரையின் மீது அவள் 55 நாட் வேகத்தில்தான் நகர்வாள். அதே காற்று திரும்பி, பின்னாலிருந்து 8 நாட் வேகத்தில் வீசினால், தரையின் மீது 73 நாட். வேகமானியில் இரண்டு முறையும் அதே 65தான் இருக்கும். ஆனால் தரையில் நிறுத்தித் தீர்க்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது: 55க்கும் 73க்கும் இடையே அது முக்கால் பங்குக்கு மேல் அதிகம். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஓடுபாதையில், இது கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேரும் ஒரு சுமை.

காற்று திரும்பியதன் இன்னொரு விளைவு, இறங்கும் சரிவு குலைவது. எதிர்காற்று மறையும் கணத்தில் வேகமானி முள் சட்டென்று விழும். எந்த மாணவரும் பயந்து, எஞ்சினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் கூட்டுவார், அது சரியான செயலும்தான். பிறகு பின்காற்று விமானத்தை முன்னோக்கித் தள்ளும்போது, வழக்கமாக அம்கேனி ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டி இவ்வளவு உயரத்தில் இருப்பேன் என்று அவள் பழகி வைத்திருக்கும் கணக்கு பொய்த்து, ஓடுபாதையை நெருங்கும்போது அவள் மிக உயரத்தில் இருப்பாள். உயரத்தைக் குறைக்க மூக்கைத் தாழ்த்துவாள். மூக்கைத் தாழ்த்தினால் வேகம் ஏறும். 65 இருக்க வேண்டிய இடத்தில் 75 ஆகிவிட்டால், ஆற்றலில் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது. அந்த முகத்துவாரத்தின் கரையிலுள்ள ப்ளூ லகூனில் காரை நிறுத்திவிட்டு மாலை நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த விமானம் ஒழுங்காகப் போவதாகத்தான் தெரியும். விபத்தின் பாதிப் பங்கு அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

இப்படி மிகை வேகத்தோடு ஓடுபாதைக்கு மேல் வரும் விமானம் இறங்க மறுக்கும். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை செஸ்னா 172க்கு 11 மீட்டர். தரையிலிருந்து அந்த உயரத்துக்குள் வந்தவுடன் இறக்கையைப் பின்னோக்கி இழுக்கும் காற்றுத் தடை குறையத் தொடங்கி, தரையை நெருங்க நெருங்க விமானம் வழுக்கிக்கொண்டு மிதக்கும். ஓடுபாதை கீழே ஓடிக்கொண்டே இருக்கும், முனை நெருங்கிக்கொண்டே இருக்கும், சக்கரம் மட்டும் படாது. அந்த நேரத்தில் மாணவர் மனம் "இறங்கு, இறங்கு" என்று பதறுவதை நான் பக்கத்து இருக்கையிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூக்கைத் தாழ்த்தக் கை தானாகவே ஸ்டியரிங்கை முன்னே தள்ளும். வேகம் குறைந்து, மூக்கு சற்று உயர்ந்து, பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் தொட வேண்டிய விமானம், அப்போது முன்சக்கரத்தில் இறங்குகிறது.

துள்ளல் இங்கேதான் பிறக்கிறது. முன்சக்கரம் முதலில் மோதினால் தரை மூக்கை மேலே எற்றும்; மூக்கு மேலே போனதும் இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் சந்தித்து மீண்டும் தூக்கத் தொடங்கும்; மிகை வேகமும் கைவசம் இருப்பதால் விமானம் தரையை விட்டு எழும்பும். இதைக் கண்டு அவள் மறுபடி ஸ்டியரிங்கைத் தள்ளுவாள். ஆனால் கை அசைவதற்கும் மூக்கு அதற்குக் கீழ்ப்படிவதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தால், மூக்கு எழும்போது தள்ள வேண்டும் என்று அவள் நினைத்துத் தள்ளியது, மூக்கு விழும்போது வேலை செய்து, விழுவதை இன்னும் வேகமாக்கும். அடுத்த மோதல் முதலாவதை விடக் கடுமை. அதற்கு அடுத்தது அதைவிடக் கடுமை. பின்சக்கரங்களைத் தாங்குபவை வளைந்து கொடுக்கும் எஃகுக் கால்கள், அவை கணிசமான அதிர்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும். முன்சக்கரத்தின் காலோ எண்ணெயும் காற்றும் அடைத்த ஒரு குழாய், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தீத்தடுப்புத் தகட்டோடு பிணைக்கப்பட்டது. விமானத்தின் எடையை முதலில் வாங்குவதற்காக அது செய்யப்படவே இல்லை. மூன்றாவது துள்ளலில் அது முறிந்தது என்றால், விமானம் தன் இயல்பின்படிதான் நடந்துகொண்டது.

ஆகவே முதல் கேள்விக்கு விடை இதுதான்: எஞ்சின் பழுதும் மழையும் மூடுபனியும் இல்லாமலே, காற்று திரும்பிய சில நிமிடங்களும், பத்து நாட் மிகை வேகமும், ஒரு கைத் தள்ளலும் சேர்ந்தால் விமானம் இப்படி உடையும். உலகம் முழுவதும் சிறு விமானங்களின் விபத்துகளில் மிகப் பெரிய பங்கு இறங்கும்போதுதான் நடக்கிறது; அவற்றுள் பெரும்பாலானவற்றில் உயிர் போவதில்லை, தகடும் காலும் புரொப்பெல்லரும்தான் போகின்றன.

பிழை அவளுடையதா என்ற இரண்டாவது கேள்வியில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். முதல் துள்ளலுக்காக நான் எந்த மாணவரையும் கடிந்துகொண்டதில்லை. துள்ளாமல் கற்றுக்கொண்ட விமானி ஒருவரும் இல்லை. நானே ஒரு புல்வெளி ஓடுபாதையில், மாணவனாக இருந்தபோது, இரண்டு முறை துள்ளி, என் பயிற்றுநர் வாய் திறக்கும் முன் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியதால் மட்டுமே முன்சக்கரம் தப்பியது. துள்ளியதும் செய்ய வேண்டியது அதுதான்: முழு விசை கொடுத்து, மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்து, வேகம் கூடியதும் எழும்பி, ஃப்ளாப்பைப் படிப்படியாக மடக்கி, ஒரு சுற்று வந்து மறுபடி இறங்குவது. இதற்குக் கோ-அரவுண்ட் என்று பெயர். முழு விசை கொடுத்தவுடன் விமானம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், வால் சுக்கானைத் திருப்பும் ரடர் மிதியை வலது காலால் அழுத்தி அதை நேராக்க வேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய 172 ஆக இருந்தால் அதில் பனி உறையாமல் இருக்கச் சூடான காற்றை அனுப்புவதற்காக இறங்கும்போது இழுத்து வைத்த கார்புரேட்டர் ஹீட் பிடியையும் உள்ளே தள்ள வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் முழு வலுவைத் தராது. இத்தனையும் மூன்று நான்கு நொடிக்குள். யாரும் பிறவியிலேயே இதை அறிந்து வருவதில்லை. பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது பத்து இருபது முறை செய்து கை பழகியிருந்தால்தான் தனியாக இருக்கும்போது வரும்.

எனவே "ஏன் துள்ளினாய்" என்பதை விட்டுவிட்டு, வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். அவளைத் தனியாக அனுப்பும் முன், துள்ளலிலிருந்து எழும்பிப் போகும் பயிற்சி எத்தனை முறை கொடுக்கப்பட்டது? அன்றைய வானிலை முன்னறிவிப்பில் தென்மேற்கு மாற்றம் எத்தனை மணிக்கு எதிர்பார்க்கப்பட்டது, அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளை அனுப்பினார்களா? சரிவு குலைந்து உயரமாக வந்தபோதே, தரையைத் தொடும் முன்பே, கோ-அரவுண்ட் செய்யலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று அவளிடம் தெளிவாகச் சொல்லப்பட்டதா? இந்தக் கேள்விகளுக்கு விடை "ஆம்" என்றால் அவள் மீது ஒரு பங்கு உண்டு, அதை அவள் ஏற்றுக்கொள்வாள் என்றே நினைக்கிறேன். "இல்லை" என்றால் பெரும்பங்கு அவளுடையது அல்ல.

இங்கே ஒரு நியாயமான அச்சத்தையும் தீர்க்க வேண்டும். விசாரணை என்றதும் காவல் நிலையம் போல எண்ணி நீங்கள் தூக்கம் இழந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழியையோ பொறுப்பையோ பிரித்து வழங்குவது அல்ல என்று சொல்கிறது. தென்னாப்பிரிக்காவின் விபத்து அறிக்கைகளும் தம் முதல் பக்கத்திலேயே அதே கருத்தை அச்சிட்டுத்தான் தொடங்குகின்றன. அறிக்கையில் விமானியின் பெயர் வராது, வயதும் உரிமமும் பறந்த மணிக்கணக்கும்தான் வரும். உடைந்தது புரொப்பெல்லரும் சக்கரமும் மட்டுமா, அல்லது தீத்தடுப்புத் தகடும் சுருங்கிவிட்டதா என்பதைப் பொறுத்தே அது சட்டப்படி விபத்தா, அதற்குக் கீழான நிகழ்வா என்று முடிவாகும். கேட்பதற்கு அவள் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்ல வேண்டும். காற்றைப் பற்றி அவள் சொன்னதையும் அப்படியே எழுதிக் கொடுக்கட்டும். விமான நிலையத்தின் காற்றுப் பதிவை விசாரணையாளர்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள், அது அவள் சொல்லுக்குச் சாட்சியாகலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. புரொப்பெல்லர் சுழலும்போது தரையில் பட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், எஞ்சினுக்குள்ளே புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் தண்டு விரிசல் விட்டிருக்கக்கூடும். எஞ்சினைப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் கட்டாயம். அதனால்தான் செலவு பெரிதாகத் தெரிகிறது. காப்பீட்டில் முதலில் கட்ட வேண்டிய தொகை மாணவர் மேல் வருமா, பயிற்சிப் பள்ளியின் மேல் வருமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் எந்தத் தொகையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அவள் பறக்கலாம், பறக்கவும் வேண்டும். ஆனால் அடுத்த சில மணி நேரங்கள் தனியாக வேண்டாம். ஒரு நல்ல பயிற்றுநரோடு, வேண்டுமென்றே உயரமாகவும் வேகமாகவும் வந்து, இறங்காமல் எழும்பிப் போகும் பயிற்சியை மட்டும் செய்யட்டும். இந்த இடைவெளி நீண்டால் பயம் உறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழுது பார்க்கும் மாதங்கள் முழுவதும் அவளை வீட்டில் இருத்தி வைப்பது அன்பின் காரணமாகச் செய்யப்படும் தீங்கு. "பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை" என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று அந்த இருக்கையில் அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தாலும், அதே காற்றில், அதே பயிற்சிக் குறைவோடு, அதே முன்சக்கரம்தான் முறிந்திருக்கும்.

துள்ளலை விடக் கொடியது ஒன்று உண்டு, அதை அவள் இந்த நேரத்தில் அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதற்கும் காரணம் இதே பின்காற்று. ஓடுபாதையை நோக்கிக் கடைசித் திருப்பம் திரும்பும்போது, காற்று பின்னாலிருந்து தள்ளினால் விமானம் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிப் போய்விடும். அப்போது அதைப் பிடித்துவிட வேண்டும் என்று திருப்பத்தை இறுக்கி, ரடரை மிகையாக அழுத்தி, ஸ்டியரிங்கை இழுத்தால், இறக்கை காற்றைப் பிடிக்கும் ஆற்றலை இழக்கும். 45 பாகை சாய்ந்த திருப்பத்தில் அந்த இழப்பு நேரும் வேகம் நேரான பறப்பை விட ஏறத்தாழ 19 விழுக்காடு அதிகம். 60 பாகையில் 41 விழுக்காடு. அந்த உயரத்தில் விமானம் சுழன்று விழத் தொடங்கினால் மீட்க இடமில்லை. முன்சக்கரம் முறிந்த மாணவர்களோடு நான் தேநீர் குடித்திருக்கிறேன். இந்தத் திருப்பத்தில் தவறியவர்களின் வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறேன். கோட்டைத் தாண்டிவிட்டால் தாண்டியது தாண்டியதுதான், இறக்கையை நேராக்கு, முழு விசை கொடு, சுற்றி வா என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பின்னாளில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் படிக்கப் போகும் எண்ணம் அவளுக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ரேண்ட் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 5,400 அடிக்கு மேல் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெயிலடிக்கும் கோடைப் பிற்பகலில் அங்குள்ள காற்று 8,500 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடும். வேகமானி அதே 65ஐக் காட்டும்போது விமானம் உண்மையில் 74 நாட் அளவில் போய்க்கொண்டிருக்கும். இறங்கி ஓடும் தூரம் மூன்றில் ஒரு பங்கு அளவு கூடும். முழு விசை கொடுத்து எழும்பிப் போக முயன்றால் எஞ்சின் டர்பனில் கொடுத்த வலுவைக் கொடுக்காது. அதனால் கோ-அரவுண்ட் முடிவை அங்கே இன்னும் முன்னதாகவே எடுக்க வேண்டும். கடற்கரையில் இப்போது பழகும் கை அங்கே பயன்படும், ஆனால் அளவுகள் மாறும் என்பதை முதல் நாளே பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அவள் மீண்டும் வர்ஜீனியாவுக்குப் போகும் நாள், முடிந்தால் காலை வேளையாக இருக்கட்டும். ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசையைக் காட்டும் காற்றுப் பையை விமானத்தில் ஏறும் முன் ஒரு முறையும், கடைசித் திருப்பத்துக்கு முன் ஒரு முறையும், ஓடுபாதை முனையைக் கடக்கும்போது ஒரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். அது தொய்ந்து தொங்கினால், தெற்கே கரையோரம் கடலின் நிறத்தையும் பார்க்கட்டும். தென்மேற்குக் காற்று வந்துசேரும் முன் தொலைவில் கடல் கறுத்து, வெள்ளை நுரை வரிசை வரிசையாகத் தெரியும்.